ஏணியேறி வந்தது பத்துப் பேர்

அமெரிக்காவில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்றே ஒன்றுதான், ஐயா. அங்கே யாரும் வரிசையில் முண்டியடிப்பதில்லை. கக்கூஸ் வாசலில்கூட ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டு நிற்கிறார்கள். கம்பம் பஸ் ஸ்டாண்டில் முண்டியடித்தே ஏறிப் பழகிய எனக்கு அது அதிசயமாக இருந்தது.

நீங்கள் வெள்ளைத்தாள் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். என் மகள் ஹேமாவதி கொடுத்த மனுவையும் படித்துக் காட்டினீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் காரணத்தை அவள் எழுதவில்லை. அவளுக்குத் தெரியாது. அதை நான் எழுதுகிறேன். அமெரிக்காவில் நடந்ததற்கு இங்கே என்ன கேஸ் போடுவது என்று நீங்கள் ரைட்டரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அது உங்கள் பாடு. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் இட்லி வாங்கிக் கொடுத்தீர்கள். சுயபுத்தியோடுதான் எழுதுகிறேன்.

பெயர் மலைச்சாமி. ஊர் காமயகவுண்டன்பட்டி. வயது அறுபத்திரண்டு. ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஆனால் என்னைத் தோட்டக்காரன் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. விசில்காரர் என்றுதான் சொல்வார்கள். மலையடிவாரத்து அருவி ஒன்றில் இருபத்தாறு வருஷம் காவலாளாக இருந்தேன். குளிக்க வந்தவர்களை, வெள்ளம் வருமுன் கரையேற்றுவது என் வேலை.

மலைத் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கீழே மண்டை பிளக்கிற வெயில் அடிக்கும். மேலே மேகமலையில் ஒரு மணி நேரமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். குளிக்கிறவனுக்கு என்ன தெரியும்? எண்ணெய் தேய்த்த தலையோடு நின்று பாடிக்கொண்டிருப்பான். தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். திடீரென்று ஒரு குளிர்ச்சி, அதில் மக்கிய இலை வாசம். அது மூக்கில் பட்டதும் நான் விசில் அடித்துவிடுவேன். அடுத்த ஐந்தாறு நிமிடத்தில் நின்ற இடம் இருக்காது. அதற்குள் எல்லோரையும் ஏற்ற வேண்டும். கிழவிகளை முதலில் ஏற்றுவேன், பிறகு பிள்ளைகளை. குடித்துவிட்டு வந்தவன் கடைசி. அவனை முதலில் ஏற்றினால், நாம் திரும்புவதற்குள் மறுபடி இறங்கிவிடுவான்.

கூட வேலை பார்த்த ராக்கையா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வான். “எங்க அண்ணே மூக்குல போலீஸ் வயர்லெஸ்ஸு இருக்குப்பா. மேல மானு மூத்திரம் பேஞ்சாலும் இங்கன தெரிஞ்சுரும்.”

ஆடி அமாவாசைக் கூட்டத்திலும் சரி, ஐப்பசி மழையிலும் சரி, இருபத்தாறு வருஷத்தில் என் கரையில் ஓர் உயிர் போனதில்லை. இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

என் மனைவி முருகம்மாள் இறந்தபோது ஹேமாவதிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவளையும் அருவிக்குக் கூட்டிப்போவேன். பாறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பத்து வயதில் அவளுக்கே அந்தக் காற்று தெரிய ஆரம்பித்துவிட்டது. “ப்பா, காத்து வந்துருச்சு” என்று எனக்கு முன்னால் சொல்லிவிட்டு, நோட்டைப் பைக்குள் வைப்பாள். நான் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

2005-ல் உத்தமபாளையத்து ஈஸ்வரபாண்டிக்குக் கட்டிக் கொடுத்தேன். அரிசோனாவில் கம்ப்யூட்டர் வேலை. தாய் பூமாரி அம்மாளைத் தவிர வேறு யாரும் இல்லாத பையன். நிச்சயதார்த்தத்தன்று, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி அவன் சொன்ன வார்த்தை இது: “மூணே வருசம் மாமா. அப்புறம் நாங்க இங்கனதான்.” ஒரு வார்த்தையை நம்பி நான் என்னவெல்லாம் செய்தேன் என்று பட்டியல் போடப் போவதில்லை. மாடியில் ஓர் அறை கட்டினேன். அவன் காலைத் தொங்கப்போட்டு உட்காரத் தோதாக வெளிநாட்டுக் கக்கூஸ் வைத்தேன். அது போதும்.

மூன்று வருஷம் முடிந்த 2008 ஜூனில் அவர்கள் வரவில்லை. எனக்கு டிக்கெட் அனுப்பினார்கள்.

போனேன். அங்கே சொந்தமாக வீடு வாங்கியிருந்தார்கள். அதை என்னிடம் போனில் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்த நினைத்தார்களாம். என் மகளை எப்படி வைத்திருந்தான் என்று கேட்பீர்கள். எழுதுகிறேன். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தானே ஓட்டிப்போகும்படி விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இவனே சமையல்கட்டில் புகுந்துகொண்டு அவளை வெளியே உட்கார வைத்துவிடுவான். அவள் தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டில் அவள் அவ்வளவு சிரித்துப் பழக்கமில்லை. உள்ளே எதையோ மறைக்கிறாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதா? அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

அப்போது அவளுக்கு நான்கு மாதம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, என்னை அந்தப் பாலைவனத்துப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். காலையில் போய் மாலையில் திரும்புகிற டூர். பெயர் என் வாயில் நிற்கவில்லை. நீங்களும் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். செம்மண் நிறப் பாறைகள் துணி மடித்த மாதிரி வளைந்து வளைந்து போகும், மேலே இடுக்கில் ஒற்றை வெளிச்சம் விழும். உலகம் பூராவிலிருந்தும் வருகிறார்கள்.

டூர்காரர்களின் வேனில் நாங்கள் பன்னிரண்டு பேர். கூட வந்த வழிகாட்டி அந்த மண்ணிலேயே பிறந்த பெண். முதுகில் நீளமாகப் பின்னல். எங்கள் வரிசையில் ஒரு சீனக் கிழவரும் கிழவியும் இருந்தார்கள். கிழவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையை ஆட்டிச் சிரித்தாள். நானும் ஆட்டினேன்.

மண்ணில் அரை மணி நேரம் குலுங்கிப் போனால், தரையில் வெடிப்பு விட்ட மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் போகும்வரை அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியாது. இரும்பு ஏணி வைத்து இறங்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி ஏணியில் இறங்கக் கூடாது என்பதால் ஹேமாவதி வேனிலேயே இருந்துகொண்டாள். இறங்கியது பதினோரு பேரும் வழிகாட்டிப் பெண்ணும்.

இறங்குமுன் நான் நாலு திசையும் பார்த்தேன். பழக்கம். தலைக்கு மேல் நீல வானம். வெகு தூரத்தில், கண்ணுக்கு எட்டுகிற கடைசி மேட்டில், கறுப்பாக ஒரு கற்றை தரைவரை இறங்கியிருந்தது. மேலே மேகமலை கறுத்தால் கீழே கம்பத்திலிருந்து அப்படித்தான் தெரியும்.

உள்ளே இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கமும் பாறை தொடும். சில இடத்தில் ஒருக்களித்துத்தான் போக முடியும். ஈஸ்வரபாண்டி அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“மாமா, இதயெல்லாம் யாரோ உளி வச்சுச் செதுக்குனாகன்னு நெனச்சுராதீக. பூராம் தண்ணி பண்ணுன வேலையாம்.”

எனக்குச் சொல்கிறான். தலைக்கு மேலே நாற்பது அடி உயரத்தில், இரண்டு பாறைக்கும் நடுவே ஒரு மரம் குறுக்கே செருகி நின்றது. அது எப்படி அங்கே போனது என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தண்ணி எப்ப வரும்னு கேளுங்க மாப்ளே என்றேன். கேட்டான். அந்தப் பெண் சிரித்து, மேலே இடுக்கில் தெரிந்த நீலத்தைக் காட்டினாள். இடுப்பில் இருந்த ரேடியோவைத் தட்டிக் காட்டினாள். என்னிடம் ஒரு மூக்கு இருக்கிறது, அவளிடம் ஒரு ரேடியோ. அவரவருக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

கடைசி வளைவில் பெஞ்சு மாதிரி ஒரு பாறை. எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அங்கேதான் ஈஸ்வரபாண்டி என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான்.

“மாமா, கோவிச்சுக்கிறாதீக. ஹேமா சொல்லப் பயப்புடுறா, அதான் நான் சொல்றேன். தலப்பிரசவத்த இங்கனயே வச்சுக்கிறலாம்னு இருக்கோம்.”

நான் தண்ணீர் பாட்டிலை மூடினேன்.

“தாயி இல்லாத வீட்டுக்கு அனுப்ப மனசு கேக்கல மாமா. எங்க அம்மாவ வரச் சொல்லிருக்கேன். நீங்களும் தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு வந்துருங்க. தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீக?”

அன்பாகத்தான் சொன்னான். கையைக்கூடப் பிடித்துக்கொண்டான். அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

ஆனால் நீங்களும் பெண்ணைப் பெற்றவர், ஐயா. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். அதை விட்டுக்கொடுத்தவன் பெண்ணையே விட்டுக்கொடுத்தவன். ஏழு வயதிலிருந்து அவளுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டது யார்? அவள் வயதுக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டு உளுந்தங்களி கிண்டியது யார்? அந்த வீட்டைத் தாயில்லாத வீடு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டான். மூன்று வருஷ வார்த்தையும் போயிற்று. நான் “சரி மாப்ளே” என்றேன். அப்போதும் எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை அடித்துச் சொல்வேன். கெட்ட எண்ணம் வருவதற்குள் காற்று வந்துவிட்டது.

திரும்பி ஏணிக்குக் கீழே வந்திருந்தோம். பின்கழுத்தில் குளிர்ச்சி பட்டது. மணலும் பாறையும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் ஈர மண் வாசம், ஆட்டுப்புழுக்கை வாசம். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று மனது தானாகவே நிதானித்தது. பதினைந்து நிமிடம், முன்னே பின்னே இருக்கலாம்.

என் கையும் தானாகவே வேலையைத் தொடங்கியது. சீனக் கிழவியின் மணிக்கட்டைப் பிடித்து ஏணிக்கு இழுத்தேன். வரிசையில் அவள் ஆறாவது ஆள். அந்த ஊர் மரியாதைப்படி நான் செய்தது தப்பு. எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் கவலைப்படவில்லை. பின்னாலேயே கிழவரையும் ஏற்றினேன். மற்றவர்களுக்கு ஏணியைக் காட்டி “போ, போ” என்றேன். வழிகாட்டிப் பெண் ஏதோ பைத்தியக்காரக் கிழவன் என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே மேலே போய், ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

கீழே நானும் ஈஸ்வரபாண்டியும் மட்டும் மிஞ்சினோம். அவன் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

“என்ன மாமா, இங்கனயும் விசில்காரர் வேலையா?” என்று சிரித்தான்.

நான் சொன்னேன், “மாப்ளே, துண்ட அந்தப் பெஞ்சுப் பாறையில விட்டுட்டேன்.”

“ஒரு துண்டுக்கா மாமா? வேற வாங்கிக்கிறலாம்.”

“முருகம்மா வாங்கிக் குடுத்தது.”

தாய் வளர்த்த பிள்ளை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு வேகமாக உள்ளே போனான். நான் ஏணியில் ஏறினேன்.

மேலே வழிகாட்டிப் பெண் ஆட்களை எண்ணினாள். பத்துப் பேர். மறுபடி எண்ணினாள். என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி, கேள்வியாகத் தலையாட்டினாள். நான் ஏணியைக் காட்டினேன். அவள் இறங்கினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விசில் கையில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலை மடித்து நாக்கடியில் வைத்தால் அரை மைல் தூரம் கேட்கும், அது உண்மைதான். நான் கையைப் பேண்ட் பாக்கெட்டில் வைத்திருந்தேன்.

தண்ணீர் வந்த சத்தம் எங்கள் ஊர்ப்பக்கம் லோயர் கேம்பில் மதகு திறந்த மாதிரி இருந்தது. ஏணி ஆடியது, பிறகு ஏணி இல்லை. பள்ளம் நிறைந்து, செந்நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை. வேனில் இருந்து ஹேமாவதி இறங்கி ஓடிவந்தாள். ஓடாதே ஆத்தா, வயித்துப் புள்ள என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன்.

அந்த வழிகாட்டிப் பெண் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு என்று எழுதினால் நீங்கள் திருப்தி அடைவீர்கள். வருத்தம் இல்லை. வானத்தைப் பார்த்துவிட்டு ஆட்களைப் பள்ளத்தில் இறக்குகிறவள் என்றைக்காவது போய்த்தான் சேர்வாள். அவள் பெயரை ஹேமாவதி பேப்பரில் படித்துக் காட்டினாள். அதுவும் என் வாயில் நிற்கவில்லை.

போலீஸ் வந்து விசாரித்தது. எனக்கு மொழி தெரியாததால், நான் சொல்வதை ஹேமாவதிதான் அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னாள். துண்டை எடுக்கப் போனார் என்றேன். அப்படியே சொன்னாள். விபத்து என்று முடித்தார்கள். எட்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் உடல் கிடைத்தது. அஸ்தியோடு இரண்டு பேரும் ஊருக்கு வந்தோம்.

2009 ஜனவரியில் தலைப்பிரசவம் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தது. கம்பத்தில் ஆஸ்பத்திரி, பிறகு என் வீட்டு மாடி அறை. ஆண் குழந்தை. நானே பத்தியம் பார்த்துச் சமைத்தேன். பிள்ளைக்கு வசம்பு சுட்டு வைத்தேன். ஒரு வருஷத்துக்குமேல் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் அதிகம் பேச மாட்டாள். சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பழைய ஹேமாவதி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் ஹேமாவதி பேருக்கு ஒரு கவர் வந்தது. சீனக் கிழவி எழுதியது. எங்கெங்கோ விலாசம் விசாரித்து, அரிசோனா வீட்டுக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். நன்றிக் கடிதம், ஐயா. யாருக்கும் எதுவும் தெரிவதற்கு முன்பே உன் அப்பா என் கையைப் பிடித்து மேலே இழுத்தார், அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தாளாம். கூடவே ஒரு போட்டோ. நான் ஏணியேறிய கையோடு கிழவர் எடுத்தது. கிழவி என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கரையேறியதும் முகம் துடைப்பது இருபத்தாறு வருஷப் பழக்கம். சட்டைக்குள் மடித்து வைத்திருந்த துண்டை எப்போது எடுத்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

ஹேமாவதி அதை அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். நான் பிள்ளைக்குப் பருப்பு மசித்துக்கொண்டிருந்தேன்.

“ப்பா, துண்ட எடுக்கத்தான் அவுக உள்ள போனாகன்னு சொன்னீக. அந்தப் போலீசுகிட்ட நாந்தான் சொன்னேன். என் வாயால சொன்னேன்.”

நான் மசித்துக்கொண்டிருந்தேன்.

“இந்தப் போட்டோவுல உங்க கையில இருக்கறது என்ன?”

“துண்டுதான் ஆத்தா.”

போட்டோவை என் முன்னால் வைத்தாள். பிறகு சின்னப் பிள்ளையில் பேசிய அதே குரலில் கேட்டாள்.

“காத்து வந்துச்சாப்பா?”

அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. “வந்துச்சு” என்றேன்.

அவள் கத்தவில்லை. என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். துண்டு என் நெஞ்சோடுதான் இருந்தது. அது முருகம்மாள் வாங்கிக் கொடுத்ததும் இல்லை, கம்பத்தில் நானே வாங்கியது. அந்தப் பாறைக்குப் போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம். இருக்கிற பொருளை எடுக்கப் போயிருந்தால் என் மாப்பிள்ளை வந்து சேர்ந்திருப்பான். இல்லாத பொருளைத் தேட எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துதான் அனுப்பினேன். ஆயிரக்கணக்கான பேரைக் கரையேற்றிய கை இது. ஒருவனை விட்டதற்கு என்னிடம் விளக்கம் கேட்கிறீர்கள், கொடுத்துவிட்டேன். தலைகுனிந்து எழுதவில்லை, கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாம் அவள் நன்மைக்காகச் செய்தது. இன்றைக்குக் கோபத்தில் உத்தமபாளையத்தில் மாமியார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இருக்கட்டும். பூமாரி அம்மாளுக்குச் சர்க்கரை முற்றிக் கண் மங்கிவிட்டது, இன்னும் எத்தனை நாளைக்கு? மாடி அறையைத் தினமும் கூட்டித்தான் வைத்திருக்கிறேன். அவள் வந்துவிடுவாள், ஐயா. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லாதபடிக்கு நான்தானே பார்த்துக்கொண்டேன்.